அமானிதமும் இணையதளமும்

(மதுரையில் நடைபெற்ற மஹல்லா ஜமாஅத் நிர்வாகிகள் மற்றும் இளைஞர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



 

எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'இணையதளங்களின் தனியுரிமைக் கொள்கை'. ஆங்கிலத்தில் பிரைவசி பாலிசி என்பார்கள். இது கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளின் விஷயமாயிற்றே, வக்ஃபு சொத்து, இடஒதுக்கீடு, சிறைவாசிகள் விடுதலை என்று பேச எவ்வளவோ இருக்க இது எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இதுவும் சமுதாயத்தின் பாதுகாப்புப் பிரச்சினைதான். நம் பெண்களின் கண்ணியப் பிரச்சினைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, மார்க்கம் நம்மிடம் கேள்வி கேட்கும் பிரச்சினை. அதைத்தான் இந்த உரையில் எடுத்து வைக்க விரும்புகிறேன்.

தொழுகை நேரம் பார்த்தவர்கள் எங்கே இருந்தார்கள்?

'முஸ்லிம் ப்ரோ' என்ற செயலியை உங்களில் பலர் அறிவீர்கள். சிங்கப்பூரிலிருந்து நடத்தப்படுவது. தொழுகை நேரம் சொல்லும். கிப்லா எந்தத் திசை என்று காட்டும். உலகம் முழுவதும் 9 கோடியே 80 லட்சம் தடவை அது இறக்கிக்கொள்ளப்பட்டிருந்தது. நேரமும் திசையும் சரியாகச் சொல்ல, நாம் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டும். ஆகவே இருப்பிடத்தைக் கேட்டது. நாமும் கொடுத்தோம்.

2020 நவம்பரில் வைஸ் நிறுவனத்தின் மதர்போர்டு இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. அந்தச் செயலியிலிருந்து பயனாளிகளின் இருப்பிட விவரங்கள் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போயின. அந்தத் தரகரின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள் என்பதே அந்தச் செய்தி. இரானிலும் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முஸ்லிம்களின் மீது குண்டு பொழிந்த வரலாறு உள்ள ராணுவங்களின் பெயர் கேட்டாலே நமக்கு எப்படி இருக்கும்? உலகமெங்கும் முஸ்லிம்கள் கொதித்தார்கள். அந்த நிறுவனம் தரகருடனான தொடர்பை உடனே துண்டிப்பதாக அறிவித்தது. பெயர் நீக்கப்பட்ட விவரங்களையே கொடுத்தோம் என்றும் விளக்கம் சொன்னது. ஆனால் ஒருவர் இரவில் எந்த வீட்டில் தங்குகிறார், ஃபஜ்ருக்கு எந்தப் பள்ளிக்குப் போகிறார் என்று தெரிந்துவிட்டால், அவர் பெயரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இதில் கவனிக்க வேண்டிய செய்தி இது: அந்தச் செயலிக்கும் ஒரு தனியுரிமைக் கொள்கை இருந்தது. அந்தக் கொள்கையில் எக்ஸ்-மோட் என்ற பெயர் இல்லை என்று அதே செய்தியில் எழுதினார்கள். அதாவது எழுதிக் கொடுத்த வாக்குறுதி ஒன்று, நடந்தது வேறு. பின்னர் 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அந்தத் தரகு நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்கு மக்கள் போய் வரும் விவரத்தை விற்கக் கூடாது என்று தடை விதித்தது. தடை வரும்வரை எத்தனை கைகளுக்கு அந்த விவரங்கள் மாறினவோ, அல்லாஹ்தான் அறிவான்.

கொள்கை என்றால் என்ன?

கொள்கை என்ற சொல்லைக் கேட்டதும் கட்சிக் கொள்கையை நினைத்துவிடாதீர்கள். இது ஒரு வாக்குறுதிப் பத்திரம். ஒருவர் உங்களிடமிருந்து விவரம் வாங்கும்போது ஏழு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். வாங்குவது யார்? எதை வாங்குகிறார்? எதற்காக? யாருக்குக் கொடுப்பார்? எத்தனை காலம் வைத்திருப்பார்? திரும்பப் பெறவோ அழிக்கவோ நீங்கள் சொன்னால் எப்படிச் செய்வார்? தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது? இந்த ஏழுக்கும் நேரான பதில் இருந்தால் அது நல்ல கொள்கை. இருபது பக்கம் எழுதியும் இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லையே, பார்த்துவிட்டு வந்துவிட்டேனே என்று சிலர் சொல்கிறார்கள். தர்கா வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் கொடுப்பார்கள் அல்லவா? இணையதளமும் உங்கள் செல்போனில் அப்படி ஒரு டோக்கனை வைக்கிறது. அதற்குக் குக்கீ என்று பெயர். மறுபடி நீங்கள் வந்தால் அதே ஆள் என்று அதற்குத் தெரியும். செருப்பு டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம். இந்த டோக்கன் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கும். விளம்பர நிறுவனம் ஒன்று நூறு கடைகளில் ஒரே டோக்கனைப் படிக்க ஏற்பாடு செய்துகொண்டால், நீங்கள் எந்தெந்தக் கடைக்குள் நுழைந்தீர்கள் என்பது முழுவதும் அவரிடம் போய்ச் சேரும். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய இடமும் அந்தத் தனியுரிமைக் கொள்கைதான்.

பட்டியலின் பயங்கரம்

விவரம் போனால் என்ன, நான் என்ன தப்பா செய்கிறேன் என்று கேட்பவர்கள் உண்டு. தப்புச் செய்தவனுக்கு மட்டும்தான் பட்டியல் ஆபத்தா?

ஹாலந்து நாட்டில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே மக்கள் பதிவேடு மிக ஒழுங்காக இருந்தது. அதில் மதமும் பதியப்பட்டிருந்தது. நல்ல நிர்வாகத்துக்காக எழுதியது. 1940-இல் நாஜிகள் படையெடுத்து வந்தார்கள். அந்தப் பதிவேடு அவர்கள் கைக்குப் போனது. அங்கிருந்த சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் யூதர்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். நிலைமையை உணர்ந்த எதிர்ப்புப் போராளிகள் 1943 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்கே தீ வைத்தார்கள் என்றால், ஒரு பட்டியலின் பயங்கரத்தை அவர்கள் எவ்வளவு உணர்ந்திருக்க வேண்டும்!

நம் நாட்டுக்கு வருவோம். 2002-இல் குஜராத்தில் நடந்த கொடுமையை ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, அதே ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒன்றைக் குறிப்பிட்டது. முஸ்லிம் குடும்பங்களின் முகவரிகளும் சொத்து விவரங்களும் அடங்கிய கம்ப்யூட்டர் பிரதிகள் தாக்க வந்தவர்களின் கையில் இருந்தன என்பதே அது. வேறொரு காரணத்துக்காக, வேறொரு அலுவலகத்தில் கொடுத்த விவரங்கள் அவை. கொடுத்தவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

2021 ஜூலையிலும் 2022 ஜனவரி முதல் தேதியிலும் நடந்ததை நம் சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். கிட்ஹப் என்ற தளத்தில் செயலி அமைத்து, முஸ்லிம் பெண்களை ஏலம் விடுவதாக அவர்களுடைய படங்களைப் போட்டுக் கேவலப்படுத்தினார்கள். பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், சமூகப் பணியாளர்கள் எனக் குரல் எழுப்பும் பெண்களாகத் தேடித் தேடி எடுத்தார்கள். படங்கள் எங்கிருந்து வந்தன? யாருடைய பூட்டையும் உடைக்கவில்லை. சமூக வலைத்தளங்களில் திறந்து கிடந்தவற்றை எடுத்தார்கள். பின்னர் போலீசார் கைது செய்தார்கள், வழக்கு நடந்தது. அந்தச் சகோதரிகள் பட்ட அவமானத்தை எந்த வழக்கு அழிக்கும்?

மார்க்கம் காட்டும் வழி

அந்தரங்கம் காப்பது மேல்நாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால், அவர் குர்ஆனைத் திறந்து பார்க்கவில்லை என்று பொருள். பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமல், ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்று 24-ஆம் அத்தியாயமான சூரத்துன் நூர் கட்டளையிடுகிறது. திரும்பிப் போங்கள் என்று வீட்டுக்காரர் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்றும் அங்கேயே சொல்லப்படுகிறது. துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற தடை 49-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 4:58 வசனத்தின் கட்டளை.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒருவர் கதவு இடுக்கு வழியே உள்ளே எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கச் சொல்லியிருப்பதே பார்வையின் காரணமாகத்தான் என்று கண்டித்ததை புகாரி ஹதீஸில் காண்கிறோம். காலை உள்ளே வைக்காமல் கண்ணை மட்டும் உள்ளே விட்டாலும் அது அத்துமீறல்தான். இன்றைக்கு இணையதளங்கள் விடுவது கண்ணைத்தான்.

நயவஞ்சகனின் அடையாளங்களாக நபி (ஸல்) அவர்கள் சொன்ன மூன்றையும் எண்ணிப் பாருங்கள். பேசினால் பொய், வாக்களித்தால் மீறல், நம்பினால் மோசடி. பொய்யான தனியுரிமைக் கொள்கையில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன!

சட்டம் நடந்து வந்த பாதை

அந்தரங்கம் நமது அடிப்படை உரிமைதானா என்ற கேள்விக்கு நமது நாட்டில் விடை கிடைக்க நீண்ட காலம் ஆயிற்று. 1954-இல் எம்.பி. சர்மா வழக்கிலும் 1962-இல் கரக் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை முழுமையாக ஏற்கவில்லை. பாதையைத் திருப்பியதில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றுக்கும் பங்கு உண்டு. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு, தனிமையில் விடப்படும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கியிருக்கிறது என்றது. இறுதியாக 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 9 நீதிபதிகளும் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். அப்படியோர் அடிப்படை உரிமை இல்லை என்று மத்திய அரசு அந்த வழக்கில் வாதிட்டது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

அதன் பிறகு வந்ததே 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. விவரம் வாங்குவோரின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்று விதிகள் சொல்கின்றன. இந்தச் சட்டத்தில் நமக்குப் பயன்படுபவை உண்டு. விவரம் கேட்பவர் தெளிவான அறிவிப்புத் தர வேண்டும். அதை ஆங்கிலத்திலோ, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும். எனவே தமிழில் கேட்பது நமது உரிமையாகிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விவரம் வாங்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

குறைகளும் உண்டு. அந்த அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசா இழப்பீடு கிடையாது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற காரணங்களைச் சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு விலக்குக் கொடுத்துவிடலாம். நமக்கு இன்னொரு பெரிய குறை இருக்கிறது. ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், ஒருவரின் மத நம்பிக்கையைத் தனிப் பாதுகாப்புக்குரிய விவரமாக வைத்திருக்கிறது. நமது நாட்டிலும் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் தந்த வரைவில் மதமும் சாதியும் அப்படி வைக்கப்பட்டிருந்தன. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. ஒருவன் என்ன செருப்பு அணிகிறான் என்ற விவரமும் என்ன மதம் என்ற விவரமும் சட்டத்தின் பார்வையில் ஒன்றாகிவிட்டன. பட்டியலால் பட்ட காயம் ஆறாத ஒரு சமுதாயம் இதைப் பேசாமல் இருக்கலாமா?

நமது மதுரையிலிருந்து

இணையத்தை எதிர்த்து நம்மால் என்ன செய்ய முடியும் என்று சோர்ந்துபோக வேண்டாம். 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக் செயலிக்குத் தடை விதிக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வந்தது டெல்லியிலிருந்து அல்ல. நமது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலிருந்து. மதுரை வழக்கறிஞர் ஒருவர் பிள்ளைகளின் நலனுக்காகத் தொடுத்த பொதுநல வழக்கு அது. ஆப்பிளும் கூகுளும் அந்தச் செயலியைத் தங்கள் தளங்களிலிருந்து எடுத்தன. அதே மாதம் 24-ஆம் தேதி நிபந்தனைகளோடு தடை விலக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், சிறு பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றி வாங்கியதற்காக அந்த நிறுவனம் அமெரிக்காவில் 57 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டிருந்தது.

இதே மதுரைக் கிளையில் 2024 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. குற்றச்சாட்டிலிருந்து விடுதலையாகிவிட்ட ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பில் தன் பெயர் இருப்பதால் வாழ முடியவில்லை என்று முறையிட்டார். பெயரை மறைக்கும்படி நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். அந்த உத்தரவுக்கு அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நீதிமன்ற ஆவணம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பொய் வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடி, நிரபராதி என்று வெளியே வந்த நம் இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். கைதான செய்தி இணையத்தில் முதலில் வருகிறது. விடுதலையான செய்தி தேடினாலும் கிடைப்பதில்லை. வேலை தருபவரும் பெண் தருபவரும் முதலில் பார்ப்பது எதை?

வாட்ஸ்அப் விஷயத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. 2021 ஜனவரியில் அது தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் பயன்படுத்தாதே என்ற முறையில் அறிவித்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213 கோடியே 14 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் ஆணையத்தின் வேறு சில கட்டளைகளை நீக்கினாலும் அந்த அபராதத்தை உறுதி செய்தது. வேறு வழியில்லாமல் கொடுக்கும் சம்மதம் சம்மதமே அல்ல. நிக்காஹ் மஜ்லிஸில் மணமகளின் சம்மதத்தை வக்கீலும் சாட்சிகளும் வைத்துக் கேட்கும் சமுதாயத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீட்டைப் பார்ப்போம்

பிறரைப் பற்றி இவ்வளவு சொன்னோம். ஜமாஅத் நிர்வாகிகளே, நம் கையில் இருப்பதை இப்போது எண்ணிப் பார்ப்போம். நிக்காஹ் பதிவேடு, ஜகாத் கேட்டு வந்த ஏழைகளின் மனு, பைத்துல்மாலில் கடன் வாங்கியவர்களின் பட்டியல், கல்வி உதவிக்கு மாணவர்கள் கொடுத்த ஆதார் ஜெராக்ஸ், ரத்த தானம் செய்வோரின் செல்போன் எண்கள், உம்ரா பயணிகளின் பாஸ்போர்ட் பிரதி, வரன் தேடித் தந்த பெண்பிள்ளைகளின் பயோடேட்டாவும் போட்டோவும். இவை எல்லாம் அமானிதம்.

இவற்றை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? வரன் குழுவில் போட்ட ஒரு பெண்ணின் படம் பத்துக் குழுக்களுக்குப் போய், திருமணமாகி இரண்டு குழந்தை பெற்ற பிறகும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜகாத் வாங்கிய விதவைத் தாயின் முகத்தைத் தெரியும்படி படமெடுத்து இணையத்தில் ஏற்றுகிறோம். வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், ஊரே அறியும்படி கொடுத்துவிட்டு அதை வெளிப்படைத்தன்மை என்கிறோம். கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும். வாங்கியவரின் முகம் வெளியே வரவேண்டிய அவசியம் என்ன?

புதிய சட்டத்தில் பள்ளிவாசலுக்கு என்று தனி விலக்கு எதுவும் இல்லை. நபர்களின் கூட்டமைப்பும் அதன் வரையறைக்குள் வருகிறது. காகிதத்தில் மட்டும் இருக்கும் பதிவேட்டைச் சட்டம் தொடாது. அதையே ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினால் சட்டத்துக்குள் வந்துவிடும். ஆகவே 2027 மே வரும்வரை காத்திருக்காமல், இணையதளமோ செயலியோ வாட்ஸ்அப் குழுவோ நடத்தும் ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு பக்கத்தில் தமிழில் தனியுரிமைக் கொள்கை எழுத வேண்டும். வக்கீலுக்குக் காத்திருக்க வேண்டாம். இப்படி எளிமையாகத் தொடங்கலாம்:

'இந்த விவரங்களை வாங்குவது நமது ஜமாஅத். கல்வி உதவி பரிசீலிப்பதற்கு மட்டும் வாங்குகிறோம். உதவிக் குழுவின் மூன்று பேர் மட்டுமே பார்ப்பார்கள். தங்கள் சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் தரமாட்டோம். சட்டப்படி எழுத்து மூலம் கேட்டால் மட்டும் தருவோம். படத்தை இணையத்தில் போடமாட்டோம். உதவி முடிந்து ஓராண்டில் அழித்துவிடுவோம். முன்பே அழிக்கச் சொன்னால் அழிப்போம். குறை இருந்தால் செயலாளரிடம் சொல்லலாம். அவரது எண் இது.'

இவ்வளவுதான். எழுதியபடி நடப்பதுதான் கடினம். ஒருவர் பொறுப்பில் விடுங்கள். தேவையில்லாததை வாங்காதீர்கள். ஆதார் வேண்டுமென்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை வாங்குங்கள். ஆதார் தளத்திலேயே அதை எடுக்கலாம். வரன் விவரத்தைக் குழுவில் போடாமல் ஒரு பொறுப்பாளர் மூலம் கேட்பவருக்கு மட்டும் காட்டுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. வீட்டில் உம்மாவின் செல்போனையும் வாப்பாவின் செல்போனையும் எடுத்து, எந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி இருக்கிறது, எதற்குப் படங்களின் அனுமதி இருக்கிறது என்று பார்த்துத் தேவையில்லாததை அடைத்துக் கொடுங்கள். தொழுகை நேரத்துக்கு ஊரின் பெயரைத் தேர்ந்தெடுத்தாலே போதும். மதுரைக்கு ஒரே நேரம்தான்.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை. மதமும் சாதியும் தனிப் பாதுகாப்புக்குரிய விவரங்களாகச் சட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும். அரசு அமைப்புகளுக்கான விலக்கு, நீதிமன்ற மேற்பார்வைக்கு உட்பட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வேண்டும். இந்த மூன்றையும் ஒவ்வொரு ஜமாஅத்தும் தீர்மானமாக நிறைவேற்றித் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்ப வேண்டுகிறேன். இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. இந்நாட்டின் தலித் சகோதரனுக்கும், கிறிஸ்தவச் சகோதரனுக்கும், தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள விரும்பும் ஒவ்வொருவனுக்கும் உரியது.

ஆனால் அரசிடம் கேட்கும் தகுதி நமக்கு வரவேண்டுமானால், முதலில் நமது ஜமாஅத் அலுவலகத்தின் அலமாரியும் கம்ப்யூட்டரும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். நம்பிக் கொடுத்தவரின் அமானிதத்தைக் காக்கும் சமுதாயமாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.